வேலியோர வெருகும் மனைக்கோழியும்: வளர்ப்புயிர் இழவு குறித்த ஒரு திறனாய்வு

வீட்டில் வளர்த்த கோழி ஒன்று இறந்துபட, அதனை வளர்த்தவர் அதற்காக அழுதால், அவ்வழுகையை இலக்கியம் எங்கே வைக்கும் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும். வினா சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையோடு இதனை அணுகும்போது ஒரு சிக்கல் புலனாகிறது. அழுகை தோன்றுவதற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். நகை தோன்றுவதற்கு அவர் கூறும் நான்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. கோழியை இழந்தவருக்கு அது இழவு, ஆகவே அழுகை. அவரைக் காண்பவருக்கோ அது பேதைமை, ஆகவே நகை. ஒரே நிகழ்ச்சி, அழுபவரிடத்தே ஒரு மெய்ப்பாடாகவும் காண்பவரிடத்தே அதற்கு நேர்மாறான மெய்ப்பாடாகவும் பிரிந்து நிற்கிறது. மெய்ப்பாடுகளைத் தன்கண் தோன்றுவன, பிறர்கண் தோன்றுவன என உரையாசிரியர்கள் பகுத்துரைத்தது இங்கு மிகவும் பயன்படுகிறது. மன்னன் இறந்தால் இப்பிளவு நேர்வதில்லை; அழுபவரும் காண்பவரும் ஒரே மெய்ப்பாட்டில் நிற்பர். கோழியின் இறப்பில்தான் அழுபவர் தனித்து விடப்படுகிறார்.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கட்டுல்லஸ் என்னும் இலத்தீன் கவிஞர் தம் காதலியின் வளர்ப்புச் சிட்டு இறந்தமைக்கும், அவர்க்குப் பின்வந்த ஓவிட் ஒரு வளர்ப்புக் கிளியின் இறப்பிற்கும் இரங்கற்பா பாடியுள்ளனர். அவை மெய்யான இரங்கலா, இரங்கல் போலச் செய்த நகையா என்னும் வழக்கு மேலைத் திறனாய்வில் நெடுங்காலமாக உண்டு. மன்னனுக்கான இரங்கற்பாவின் மீது இவ்வினாவை எழுப்புவார் இலர் என்பதை மட்டும் ஈண்டுக் குறித்து மேற்செல்லலாம்.

தமிழ் மரபில் இறந்தோர்க்கு இரங்கும் துறை கையறுநிலை. தொல்காப்பியர் அதனைக் காஞ்சித்திணையுள் வைத்து, கழிந்தோரை நினைந்து ஒழிந்தோர் புலம்புவதாக இலக்கணப்படுத்துகிறார். கழிந்தோர், ஒழிந்தோர் ஆகிய இருசொற்களும் உயர்திணைப் பன்மை ஈறு பெற்றவை. இறந்தவரும் மக்கள், இரங்குபவரும் மக்கள் என்பது அவ்வீற்றிலேயே முடிந்துவிடுகிறது. அஃறிணை உயிர் கழிந்தால் அதற்கு ஒழிந்தவர் யாவர் என்ற கேள்விக்கு இத்துறையில் இடமில்லை.

இலக்கணம் அஃறிணைக்குக் கதவை முற்றிலும் அடைத்துவிட்டது என்றும் கூறிவிட இயலாது. ஓர் ஆவினைக் கண்டு 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் கூறுவதை நன்னூல் உரைகள் வழுவமைதிக்குச் சான்றாகக் காட்டுவதை நாம் அறிவோம். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்னும் ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மயங்கினும் அது குற்றமாகாது என்பது பவணந்தியார் துணிபு. இவ்வைந்தனுள் துயர் இல்லை. மகிழ்ச்சியால் ஆவினை அம்மை எனலாம். சினத்தால் மனிதனை மாடு எனலாம். இறந்துபோன கோழியை 'அவள் போய்விட்டாள்' என்று ஒருத்தி கூறினால் அதனை எக்காரணத்தின்கண் அடக்குவது? முன்னைய உவப்பின் எச்சம் என்று கொண்டு உவப்பிலேயே அடக்கலாம் என்று இலக்கண ஆசிரியர் விடையிறுக்கக்கூடும். பொருந்தும் விடைதான். எனினும் உவந்த நாளில் வாராத சொல் இழந்த நாளில் வருவதும் உண்டு. உயிரோடிருந்தவரை 'அது' எனப்பட்ட கோழி, இறந்தபின் 'அவள்' ஆவதைத் தமிழ் வழங்கும் எவ்வூரிலும் கேட்கலாம்.

சங்கப் பாடல்களில் கோழி

சங்க இலக்கியத்தில் கோழி பலவிடங்களில் வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் உணங்கும் தானியத்தைக் கவர வந்த கோழியை மகளிர் தம் பொற்குழையைக் கழற்றி எறிந்து ஓட்டும் பட்டினப்பாலைக் காட்சியை அறியாதார் இலர். செல்வ மிகுதிக்கு அது சான்றாகக் காட்டப்படுகிறதே ஒழிய, கோழியை எவரும் கவனிப்பதில்லை. நம் பொருளுக்கு இன்றியமையாதவை வேறு மூன்று பாடல்கள். அம்மூன்றிலும் கோழியோடு வெருகு எனப்படும் காட்டுப்பூனை இணைந்தே வருகிறது.

குறுந்தொகை 107ஆம் பாடலில் மதுரைக் கண்ணனார் படைத்த தலைவி, தலைவனோடு துயின்றிருந்த தன்னை விடியலில் எழுப்பிவிட்ட சேவலைச் சபிக்கிறாள். நள்ளிரவில் எலிக்குக் காத்திருக்கும் வெருகின் குட்டிக்கு அது இரையாகட்டும் என்பது அவள் சாபம். 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலைப்பொழுதில் வேலியோரத்தில் வெருகுகள் வந்துவிட்டதை அறிந்து, புகுமிடம் அறியாது குழுமி நிற்கும் குஞ்சுகளை அழைத்துக் கதறும் குறுகிய கால்களையுடைய பேடையைக் காட்டுகிறார். பரத்தையிற் பிரிந்து வந்த தலைவனைச் சூழ்ந்து எழும் அலர் ஒலிக்கு அது உவமை. புறநானூறு 326இல் தங்கால் பொற்கொல்லனார் காட்டும் இளம்பேடை இருளில் வெருகுக்கு அஞ்சி உயிர் நடுங்கி அரற்றுகிறது.

மூன்று பாடல்களிலும் வெருகு வேலியைத் தாண்டுவதில்லை. ஒன்றில் இறப்பு சாபமாக நிற்கிறது. மற்ற இரண்டில் அச்சமாக நிற்கிறது. கோழி சாகும் கணத்திற்கு முந்திய கணத்தில் மூன்று புலவர்களும் நின்றுவிடுகின்றனர். இது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. 139ஆம் பாடலின் பேடை பிடிபட்டிருந்தால் உவமை தன் பொருளைக் கடந்து சென்றிருக்கும். அலருக்கு ஒப்பாகாமல் இழவுக்கு ஒப்பாகியிருக்கும். உவமைக்குள் இருக்கும் கோழிக்குச் சாகும் உரிமைகூட உவமேயத்தின் அளவிலேயே உண்டு. இப்பாடலை விளக்க வந்த திறனாய்வாளர்கள் பேடையிலிருந்து தலைவிக்கும் வெருகிலிருந்து பரத்தையர்க்கும் விரைந்து தாவிவிடுகின்றனர். தாவுவது தவறன்று, பாடலே அதற்குத் தூண்டுகிறது. ஆனால் ஒக்கூர் மாசாத்தியார் பேடையின் கால் குறுகியது என்பதைக் கண்டிருக்கிறார். ஓட முயலும் கோழியின் இயலாமை முழுவதும் அந்த ஓர் அடைமொழியில் இருக்கிறது. மாலையில் கோழி அடைத்துப் பழகியவர் கண்ட காட்சி இது என்றே எண்ணத் தோன்றுகிறது.

புறநானூற்றுப் பாடலில் இன்னும் நுட்பமான ஒன்று நிகழ்கிறது. பேடை அரற்றும் அவ்வேளையில், பஞ்சின் தூசியையும் செத்தையையும் புடைத்து நீக்குவதற்காகப் பருத்திப்பெண்டு ஒருத்தி எழுந்திருக்கிறாள். அவள் ஏற்றிய சிறுவிளக்கின் ஒளியில், முருக்கம்பூப் போன்ற கொண்டையையுடைய சேவலைக் கண்டு பேடை அமைதியுறுகிறது. இவ்வளவும் ஒரு மறக்குடியின் இருப்பிடத்தைச் சொல்ல வந்த முன்னுரை. பாடல் பின்னர் உடும்பின் நிணம் பெய்த தயிர்க்கூழால் விருந்தோம்பும் மனைவிக்கும், யானையின் பொன்னோடையைப் பரிசிலாக அளிக்கும் தலைவனுக்கும் சென்றுவிடுகிறது. திணை வாகை, துறை மூதின் முல்லை. புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாடலோடு நின்றுவிடுவதால் இப்பாடலுக்கு அவ்வுரையின் துணை நமக்கு இல்லை. பேடை சேவலைக் கண்டு தணிந்தது என்பதனை மறக்குடி மகளிர் தம் தலைவரைக் கண்டு அச்சம் தீர்வதற்கு நிகராகக் கொள்வது எளிய வாசிப்பு. அவ்வாறாயின் விளக்கு எதற்கு? இருளில் சேவல் அருகிலேயே இருந்தும் பேடையின் நடுக்கம் தீரவில்லை. சேவல் கண்ணுக்குப் புலனாவதற்கு ஒருத்தி எழுந்து விளக்கேற்ற வேண்டியிருந்தது. நூல் நூற்பவர்கள் ஆண்துணையற்ற பெண்டிர் என்பதற்கு நற்றிணை 353 சான்று தரும். துணை இல்லாத ஒருத்தியின் விளக்கொளியில் ஒரு பேடை தன் துணையைக் காண்கிறது. அவள் கோழிக்காக எழுந்தாள் என்று பாடல் கூறவில்லை. அவள் தன் வேலைக்காகவே எழுந்தாள். கோழியோடு மனிதர் கொள்ளும் உறவு பெரும்பாலும் இத்தகையதே. தனியே அன்பு செய்வதற்கென்று நேரம் ஒதுக்கப்படுவதில்லை. வேலைகளுக்கு இடையே, ஒரே விளக்கின் ஒளியில் இருவரும் இருக்கின்றனர். தமிழைப் பிறமொழியாகக் கற்கும் மாணவர்களிடம் இப்பாடலை நடத்தும்போது அவர்கள் தலைவனைப்பற்றிக் கேட்பதில்லை. அந்தப் பெண் யார் என்றே கேட்கின்றனர்.

கல்லில் நின்ற சேவல்

வேலியைத் தாண்டி வந்த இறப்பைத் தமிழகம் ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறது. அது ஏட்டில் இல்லை, கல்லில் உள்ளது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும், இந்தளூரிலும் சேவலின் உருவம் பொறித்த நடுகற்கள் கிடைத்துள்ளன. வட்டெழுத்தின் அமைதி கொண்டு ஏறத்தாழ 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவையாக இவை மதிப்பிடப்பெறுகின்றன. அரசலாபுரத்துக் கல் முகையூர் மேற்சேரியின் கோழியைக் குறிக்கிறது. இந்தளூர்க் கல் கீழ்ச்சேரியின் கோழியைக் குறிப்பதோடு அதன் பெயரையும் தருகிறது. பொற்கொற்றி என்பது அதன் பெயர்.

சேரிக்கும் சேரிக்கும் நடந்த கோழிப்போரில் வீழ்ந்த சேவல்களுக்கு எடுத்த கற்கள் இவை என்பது அறிஞர் கருத்து. ஊரின் சார்பில் பொருததனால் ஊரின் சார்பில் கல் கிடைத்தது. புறப்பொருள் வெண்பாமாலை தன் ஒழிபியலில் மல்வென்றி, யானைவென்றி ஆகியவற்றோடு கோழிவென்றியையும் ஒரு துறையாக வைத்திருப்பது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. கோழிக்கு மட்டுமா? கிளிக்கும் பூவைக்கும்கூட அங்கு வென்றி உண்டு. வென்ற பறவையைப் பாடத் துறை கண்ட மரபு, இறந்த பறவைக்கு இரங்கத் துறை காணவில்லை.

நாய்க்கும் இதே நியதிதான். செங்கம் பகுதியின் எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், தன் தலைவன் வீழ்ந்த பூசலில் கள்வர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயை நினைவுகூர்கிறது. கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு இன்னும் விரிவானது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைக் கூறுவதால் தமிழக வரலாற்றாசிரியர்கள் இக்கல்லை நன்கறிவர். ஆனால் இக்கல் எடுக்கப்பட்டது காளி என்னும் நாய்க்காக. போரில் காட்டிய வீரத்திற்குப் பரிசாகக் கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்பான் கேட்டுப் பெற்றது அந்நாயைத்தான். அது காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் தானுமாக மடிந்தது. அதற்குக் கல் நட்டு, வழிபாட்டிற்கு நிலமும் விடப்பட்டது. வழிபாடு செய்யாமல் உண்ணும் பூசகரைப் பாவம் சேரும் என்றும் அக்கல் எச்சரிக்கிறது. பதினாயிரக்கணக்கான வீரர் பங்கேற்ற ஒரு போர், ஒரு நாயின் நினைவுக்கல்லின் வழியாக நம்மை வந்தடைந்திருக்கிறது. வரலாற்று நூல்கள் நாயை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுப் போரை மேலே ஏற்றியிருப்பது வேறு செய்தி.

இக்கற்களில் இழவு இல்லை என்று நான் கூறமாட்டேன். பொற்கொற்றி என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். கொற்றி என்பது கொற்றவையின் பெயர். பொன் என்பது செல்லமாக அழைக்கும் சொல். ஆண்பறவைக்குப் பெண்தெய்வத்தின் பெயரைச் சூட்டி, அதன்முன் 'பொன்' சேர்த்தவர் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். குஞ்சாக இருந்த நாளில் அப்பெயரைச் சொல்லி அழைத்தும் இருப்பார். இக்காலச் சேவற்கட்டில் வீழ்ந்த சேவல் 'கோச்சை' எனப்படும். வென்றவர்க்கே அது உரியது. அன்று மாலை அது கறியாகும். அக்காலத்திலும் இதுவே வழக்கம் என்பதற்குக் கல்லில் சான்றில்லை. ஆயினும் கறியாகக்கூடிய ஒன்றுக்குக் கல் எடுத்தார்கள் என்பதை மறுக்க இயலாது. கல்லெடுத்தவர்களின் துயரம் வீரத்தின் பெயரால் வெளிப்பட்டிருக்கிறது. வேறு பெயரில் வெளிப்பட அதற்கு வழியில்லை.

பேடைக்கு அந்த வழியும் இல்லை. அது போரிடுவதில்லை, ஊரின் சார்பில் எதனையும் செய்வதில்லை. முட்டையிட்டது, அடைகாத்தது, மாலையில் கூட்டுக்குத் திரும்பியது என்பவற்றுக்கு வென்றி கிடையாது.

செயலற்ற உயிர்களுக்கான இரங்கல்

மரபியலில் தொல்காப்பியர் அளகு என்னும் பெண்பாற்பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்கி, பின்னர் மயிலுக்கும் அதனை நீட்டுகிறார். கோழியும் மயிலும் ஒரே குடும்பத்துப் பறவைகள் என்பது இன்றைய உயிரியலுக்கும் உடன்பாடே. மயிலின் வழியாக இந்தி இலக்கியத்தின் ஒரு நூலுக்கு வருவதற்கு இத்தொடர்பு துணைசெய்கிறது. கவிஞர் மகாதேவி வர்மா (1907-1987) தாம் வளர்த்த உயிர்களைப் பற்றி எழுதிய நினைவோவியங்களின் தொகுப்பான 'மேரா பரிவார்' 1972இல் வெளிவந்தது. தலைப்புக்கு 'என் குடும்பம்' என்பது பொருள். கில்லூ என்னும் அணில், சோனா என்னும் மான், கௌரா என்னும் பசு, நீலகண்டன் என்னும் மயில் ஆகியன அக்குடும்பத்தினர்.

பறவை விற்பவரிடமிருந்து குஞ்சாக வாங்கிவந்த நீலகண்டன் வளர்ந்து, பிற உயிர்களுக்குக் காவலாகி, ராதை என்னும் பெடையோடு வாழ்கிறது. காலில் அடிபட்டு வந்த குப்ஜா என்னும் மற்றொரு பெடை பொறாமையால் ராதையைக் கொத்தி, முட்டைகளையும் உடைக்கிறது. நீலகண்டன் வாடி, நோய் எதுவும் புலப்படாமலேயே ஒருநாள் இறந்து கிடக்கிறது. மகாதேவி அதனைத் தம் சால்வையில் சுற்றி எடுத்துச் சென்று சங்கமத்தில் கங்கைநீரில் விடுகிறார். அணிலையோ, அதற்கு விருப்பமான முல்லையினக் கொடியின் அடியில் புதைக்கிறார்.

இங்கே கவனிக்கத்தக்கது அவர் கையாளும் உரைநடை. தாம் அழுததாக அவர் விரித்துரைப்பதில்லை. சால்வை, நீர், கொடி எனப் பொருள்களைச் சொல்லிச் செல்கிறார். மக்களுக்குச் செய்யும் சடங்கை மயிலுக்குச் செய்ததற்கு விளக்கமோ மன்னிப்போ கூறுவதில்லை. காண்பவரது நகைக்கு இடங்கொடாத உறுதி அந்நடையில் உள்ளது. மெய்ப்பாட்டியல் மொழியில் கூறினால், பேதைமை என்று பிறர் எண்ணுமிடத்தை அவர் இழவு என்றே எழுதிவிடுகிறார். பால்காரன் வெல்லக்கட்டியில் ஊசியை வைத்து ஊட்டியதால் இறந்த கௌராவின் கட்டுரையில் மட்டும் அவர் குரல் உயர்கிறது. அங்கும் அது பசுவைப் போற்றும் நாட்டை நோக்கிய சினம்; தன்னிரக்கம் அன்று. இவ்வாறு எழுதப்பட்ட உரைநடை தமிழில் மிகக்குறைவு. ஒரு பெண்ணாட்டின் வாழ்வை முழுநாவலாக்கிய பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' (2016) வேறு வகையைச் சார்ந்தது. அது புனைவு, வளர்த்தவரே எழுதிய இழவுக்குறிப்பு அன்று.

ஆயினும் 'மேரா பரிவார்' தலைப்பிட்டுப் பாடிய உயிர்களுள் கோழி இல்லை. இதனைக் குறையாகக் கூறவில்லை. மயிலுக்குப் பீலியும் புராணமும் உண்டு; பசுவுக்குத் தெய்வநிலை உண்டு. கோழி எச்சாதியார் வீட்டு முற்றத்தில் மேயும், எவ்வீட்டுக்குள் அது நுழையலாகாது என்பதெல்லாம் நாம் அறிந்தவை. அதனை வளர்ப்பவர் அவசரத்திற்கு அதனை விற்பர். விருந்தினர் வந்தால் அறுப்பர். தம் கையால் தீனியிட்டு வளர்த்த ஒன்றைத் தம் கையாலேயே கொல்ல நேரும் வாழ்க்கை அவர்களுடையது. மயிலுக்கு அழுபவரிடம் 'நேற்று இதைத்தானே உண்டீர்?' என்று எவரும் கேட்க இயலாது; கோழிக்கு அழுபவரிடம் கேட்கலாம். கோழிக்கான இரங்கலை எழுதுவது கடினமாவது இதனால்தான்.

பிரேசில் நாட்டு எழுத்தாளர் கிளாரிசி லிஸ்பெக்டரின் 1960ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள 'ஒரு கோழி' என்னும் சிறுகதை இக்கடினத்தை நேரே எதிர்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை உணவுக்கென்று வாங்கிய கோழி கூரைமேல் தப்பியோடுகிறது. வீட்டுத்தலைவர் துரத்திப் பிடித்துவருகிறார். வந்ததும் அடுக்களைத் தரையில் அது முட்டையிட்டுவிடுகிறது. சிறுமி அதனைக் கொல்லக்கூடாது என்கிறாள், தந்தையும் இணங்குகிறார். கோழி அவ்வீட்டின் அரசியாகிறது. பின் ஒருநாள் அதனைக் கொன்று உண்டனர் என்றும், ஆண்டுகள் பல கடந்தன என்றும் ஒரே மூச்சில் கூறிக் கதை முடிந்துவிடுகிறது. அழுகை என்ற சொல்லுக்கே முடிவில் இடமில்லை. கோழிக்குப் பெயரும் இல்லை. முன்பு கொல்லாதே என்ற சிறுமி அன்று என்ன செய்தாள் என்பதை ஆசிரியர் கூறாது விட்டதனால், அவ்விழவு முழுவதும் வாசகர்பால் வந்து விழுகிறது. தொடக்கம் முதல் நகையாகவே நடந்துவந்த கதை, கடைசி வாக்கியத்தில் திணை மாறிவிடுகிறது. நகையும் அழுகையும் ஒரே நிகழ்ச்சியின் இருபுறங்கள் என்று தொடக்கத்தில் கூறியதனை இதனினும் தெளிவாகக் காட்டும் படைப்பை நான் அறியேன். பெயர் பொறித்த இந்தளூர்க் கல்லும் பெயரற்ற இக்கதையும் எதிரெதிர் முனைகளில் நிற்கின்றன.

இப்பொருள் ஏட்டளவினது என்று எண்ணுவோர்க்கு ஒன்றை நினைவூட்டலாம். 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2008இல் மேற்கு வங்கத்தில் அது பரவியபோது பண்ணைக்கோழிகளோடு சிற்றூர்ப் புறக்கடைக் கோழிகளும் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டன. நோய்த்தடுப்புக்கு அது தேவையாக இருந்தது, அதில் ஐயமில்லை. பறவைக்கு இவ்வளவு என்று இழப்பீடும் தரப்பட்டது. வீடுவீடாகச் சென்று கோழிகளைப் பிடித்துச் சென்றபோது, அவற்றைக் கூடைக்கடியில் மறைத்து வைத்தவர்களும் இருந்திருப்பர். அவர்கள் மறைத்தது இழப்பீட்டுத் தொகை குறைவு என்பதனால் மட்டுமா என்பதை எந்தப் படிவமும் கேட்டிராது.

தமிழ் ஆய்வாளர் தேடவேண்டிய இடம் ஒப்பாரியாகலாம். நம் ஒப்பாரித் தொகுப்புகள் பெரும்பாலும் தாய்க்கு, தந்தைக்கு, கணவனுக்கு, பிள்ளைக்கு என உறவுமுறை வரிசையில் அமைந்தவை. களத்தில் கேட்கப்படும் கேள்வியும் 'யாருக்காகப் பாடினீர்கள்?' என்பதே. 'யாருக்கு' என்னும் உயர்திணை வினாவுக்குக் கோழியோ ஆடோ விடையாக வராது. இரவில் வெருகு கொண்டுபோன பேடையின் இறகுகளை மறுநாட் காலையில் வேலியோரத்தில் பொறுக்கிய ஒருத்தி, அப்போது வாய்க்குள் எதனையேனும் முணுமுணுத்திருந்தால் அது நம் நாடாக்களில் பதிவாகியிருக்க வாய்ப்பில்லை. வினாநிரலில் 'எதற்காக' என்னும் சொல்லையும் சேர்த்துக் கொண்டு செல்வது அடுத்துக் களத்திற்குச் செல்லும் மாணவர்க்கு இயலக்கூடியதே.